ஒரு ஜில்லா, நாலு துண்டு

பார்லிமெண்ட் தொகுதிகளின் எல்லையை மாற்றி வரையும் பேச்சு மறுபடியும் பலமாக எழுந்திருக்கிறது. தமிழ்நாட்டின் 39 ஸ்தானங்கள் என்ன ஆகும், டில்லியில் நம் குரலின் பலம் குறைந்துவிடுமா என்பதே எல்லோருடைய கவலையும். நியாயமான கவலைதான். ஆனால் அந்தப் பெரிய வழக்கின் ஆரவாரத்தில் இன்னொரு வழக்கு காதில் விழாமல் போய்விடக் கூடாது. ஸ்தானங்கள் எத்தனை என்பது ஒரு கேள்வி. கோடு எங்கே விழுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை அசட்டை செய்தால் என்ன நேரும் என்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி.

புதுக்கோட்டை நேற்று முளைத்த சீமையல்ல. தொண்டைமான்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சில் இந்தியாவுடன் இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. 1974 ஜனவரியில் தனி ஜில்லா ஆயிற்று. 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் புதுக்கோட்டை ஒரு பார்லிமெண்ட் தொகுதி. 1962-லும் 1967-லும் ஆர். உமாநாத் டில்லிக்குச் சென்றது இந்தத் தொகுதியிலிருந்துதான். 2004 தேர்தலிலும் அந்தப் பெயர் இருந்தது. 2009 தேர்தலிலோ தேடினாலும் அகப்படவில்லை!

நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த எல்லை வரையறைக் கமிஷன் செய்த மாற்றம், 2008-ல் அமலுக்கு வந்தது. ஜில்லாவின் ஆறு சட்டசபைத் தொகுதிகளும் நாலு திசையில் பங்கு பிரிக்கப்பட்டன. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு.

ஜனத்தொகை போதாததால் இப்படிச் செய்ய நேர்ந்தது என்று யாராவது சொன்னால், கணக்கைப் பார்ப்போம். கமிஷன் ஆதாரமாகக் கொண்டது 2001 ஜனத்தொகைக் கணக்கு. அதன்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 6 கோடியே 24 லட்சம். 39 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்குச் சராசரி 16 லட்சம். புதுக்கோட்டை ஜில்லாவின் ஜனத்தொகை 14 லட்சத்து 59 ஆயிரம். சராசரிக்கு நூற்றுக்கு ஒன்பது பங்குதான் குறைவு. இன்னொரு கணக்கும் உண்டு. நம் ராஜ்யத்தில் ஆறு சட்டசபைத் தொகுதிகள் சேர்ந்தது ஒரு பார்லிமெண்ட் தொகுதி. புதுக்கோட்டை ஜில்லாவுக்குக் கிடைத்தவையோ சரியாக ஆறு! அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியிருக்க வேண்டியதைக் கத்தரித்து நாலு பேருக்கு ஒட்டுப் போட்டுவிட்டார்கள்.

இதனால் என்ன நஷ்டம்? ஒரு மெம்பருக்குப் பதிலாக நாலு மெம்பர்கள் கிடைத்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க இனிமையான வாதம். அனுபவத்துக்கு உதவாத வாதம். திருச்சியிலும் சிவகங்கையிலும் ஆறில் இரண்டு பங்குதான் இந்த ஜில்லாவுக்கு; கரூரிலும் ராமநாதபுரத்திலும் ஆறில் ஒன்று. ஜெயிப்பதற்கு இந்த ஜில்லாவை மட்டும் நம்பி நிற்க வேண்டிய மெம்பர் ஒருவர்கூட இல்லை. கரூர் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்: கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என நாலு ஜில்லாக்களில் அது பரவிக் கிடக்கிறது. வேடசந்தூருக்கும் விராலிமலைக்கும் ஒரே மெம்பர். அவர் எவ்வளவு நல்லவராயினும் எத்தனை கலெக்டர் ஆபீஸ்களுக்குத்தான் நடப்பார்?

ஜில்லாவின் பிரச்னைகளோ கோடு பார்த்து வருவதில்லை. 2017-ல் நெடுவாசல் கிராமத்தார் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். ஆலங்குடிப் பகுதியான அந்த ஊருக்கு மெம்பர் சிவகங்கைக்காரர். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் கடலில் சிறைபிடிக்கப்பட்டால், முறையிட வேண்டியது ராமநாதபுரம் மெம்பரிடம். 2021-ல் அடிக்கல் நாட்டிய காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாயோ ஜில்லா முழுவதும் எதிர்பார்த்திருக்கும் தண்ணீர். வீட்டுக்கு ஒரு கிணறு இருந்தால் இறைக்கலாம். நாலு கிணற்றில் கால்வாசிப் பங்கு இருந்தால் கயிற்றைத்தான் சுமக்கலாம்.

ஓட்டுக்கு ஓட்டு சம மதிப்பு வேண்டும் என்ற கொள்கையை நாம் மறுக்கவில்லை. ஜனநாயகத்தின் அஸ்திவாரமே அது. ஆனால் அந்தக் கொள்கை ஜில்லாவைக் கிழிக்கச் சொல்லவில்லை. 2002-ஆம் வருஷத்து எல்லை வரையறைச் சட்டமே, தொகுதி கூடியவரை ஒரே கட்டாக இருக்க வேண்டும், இப்போதுள்ள நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்தையும் ஜனங்களின் சௌகரியத்தையும் கவனிக்க வேண்டும் என்று சொல்லிற்று. பழைய புதுக்கோட்டைத் தொகுதிகூட ஜில்லாவோடு அச்சாகப் பொருந்தியதல்ல. ஆகவே பழைய கோட்டையே திருப்பித் தாருங்கள் என்று நாம் பிடிவாதம் பிடிக்கவில்லை. எண்ணிக்கை இடம் கொடுக்கும் இடத்தில் ஜில்லாவை உடைக்காதீர்கள் என்றே கேட்கிறோம்.

எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம். அந்தச் சட்டத்தின்படி முதலில் நகல் யோசனை கெஜட்டில் வெளியாகும், ஆட்சேபணைகள் கேட்கப்படும், பகிரங்க விசாரணை நடக்கும், பிறகு முடிவான உத்தரவு. உத்தரவு வந்தபின் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது என்றது அதன் 10-வது பிரிவு. எதேச்சாதிகாரம் பளிச்சென்று தெரிந்தால் கோர்ட்டு தலையிடலாம் என்று 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. எனினும் அது ஊசியின் காதளவு வாசல். வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும்.

ஆகவே அடுத்த நகல் யோசனை வரும்போது அது தமிழில், படத்துடன், ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸிலும் தொங்க வேண்டும். விசாரணை ஒவ்வொரு ஜில்லாவின் தலைநகரிலும் நடக்க வேண்டும். தனித் தொகுதியாக நிற்கக் கூடிய ஜில்லாவைப் பிரிப்பதானால், அதற்குரிய காரணத்தைக் கமிஷன் எழுத்தில் தர வேண்டும். கட்சிகளும் தங்கள் வெற்றி தோல்விக் கணக்கைச் சற்று ஒதுக்கிவைத்து இந்த மூன்றையும் ஒரே குரலில் கேட்க வேண்டும்.

புதுக்கோட்டைக்கு நேர்ந்தது நாளை எந்த ஜில்லாவுக்கும் நேரலாம். கோடு பென்சிலில் இருக்கும்போதே அழிக்கச் சொல்லுங்கள். மை காய்ந்தபின் புலம்பிப் பயனில்லை.