ஒரு பூ மாறினாலும் சரம் வேறுதான்!

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கதம்பம் தொடுத்துக் கொண்டிருந்தேன். பக்கத்துப் போர்ஷன் பெண் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு டி.பி. என்று கண்டுபிடித்து மூன்று மாதம் ஆகிறது. ஆறு மாத மாத்திரை.

"அக்கா, இருமல் சுத்தமா நின்னுடுச்சு. எடையும் ஏறிட்டேன். மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுது. அடுத்த வாரம் மாமியார் வேற பத்து நாள் தங்கப் போறாங்க. அவங்க கண்ணிலே பட்டா வம்பு. இதோட நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றாள்.

எனக்குக் கை அப்படியே நின்று விட்டது. சித்தியின் ஞாபகம் வந்து விட்டது.

1988-ல் எனக்கு எட்டு வயது. சித்திக்கு டி.பி. தினம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே மாத்திரைகள். இரண்டே மாதத்தில் முகம் தெளிந்து பழைய சித்தி ஆகி விட்டாள். அந்தச் சமயம் பார்த்து அவள் மைத்துனருக்குக் கல்யாணம். "கல்யாண வீட்டிலே ஊசியும் மருந்துமா நின்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று எல்லாவற்றையும் நிறுத்தி விட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி இருமல். இந்தத் தடவை ரத்தம். மறுபடி அதே ஊசி போட்டார்கள். துளிக்கூடக் கேட்கவில்லை. "கிருமி இந்த மருந்துக்குப் பழகிப் போச்சு" என்றார் டாக்டர்.

வேறு வேறு மருந்து கொடுத்து ஒன்றரை வருஷம் போராடிச் சித்தி பிழைத்தாள். ஆனால் அவள் பிள்ளை அதற்குள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, என் அம்மாவைத்தான் "அம்மா" என்று கூப்பிட்டான். திரும்பி வந்த சித்தியிடம் போகமாட்டேன் என்று அழுதான். சித்தி வாசலிலேயே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"பழகிப் போச்சு" என்றால் என்ன? கிருமி எப்படிப் பழகும்? பல வருஷமாக எனக்கு இருந்த இந்தக் கேள்விக்கு, கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி படிக்கும் என் பெண்தான் பதில் சொன்னாள். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

எந்த உயிருக்கும் புரதம் வேண்டும். பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் புரதத்தை நம் உடம்பு பிரித்து, தனக்கு வேண்டிய விதத்தில் திரும்பக் கட்டிக் கொள்கிறது. புரதம் என்பது ஒரு பூச்சரம் மாதிரி. அமினோ அமிலங்கள் என்ற 20 வகைப் பூக்கள். எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்று ஒரு சீட்டு இருக்கிறது. அதைப் படித்துச் சரம் தொடுக்கும் கை இருக்கிறதே, அதற்குத்தான் ரிபோசோம் என்று பெயர். நம் உடம்பிலும் உண்டு, கிருமியிலும் உண்டு. கிருமியின் ரிபோசோம் ஒரு விநாடிக்கு 20 பூ வரை தொடுத்து விடுமாம். நம்மால் ஆகுமா!

இந்தக் கையில் இரண்டு பாகம். சின்ன பாகம் சீட்டைப் படிக்கிறது, பெரிய பாகம் முடிச்சுப் போடுகிறது. முடிச்சைப் போடுவது ஆர்.என்.ஏ. என்ற பொருள். அதைச் சுற்றி, அது கலைந்து விடாமல் பிடித்துக் கொண்டு நிற்பவை ரிபோசோமின் சொந்தப் புரதங்கள். கிருமியில் 50-க்கு மேல், நமக்குச் சுமார் 80. பூத் தொடுக்கும்போது நூலைச் சுற்றுவது ஒரு கைதான். ஆனால் இன்னொரு கை விரல்கள் காம்பைப் பிடிக்காவிட்டால் சரம் வருமா? அந்த மாதிரி.

அதில் எஸ்-12 என்று ஒரு புரதம். சீட்டைப் படிக்கும் இடத்திலேயே உட்கார்ந்து, வருவது சரியான பூதானா என்று பார்க்கும் வேலையில் உதவுகிறது. ஸ்ட்ரெப்டோமைசின் போய் உட்காருவது அதற்குப் பக்கத்தில்தான். உட்கார்ந்ததும் படிப்பு தடுமாறி, மல்லிகை வர வேண்டிய இடத்தில் கனகாம்பரம் வந்து விடுகிறது. தப்பும் தவறுமான புரதங்களோடு கிருமி சாகிறது.

இந்த எஸ்-12-ம் ஒரு சரம்தானே? 120-க்குச் சற்று மேல் பூக்கள். அதில் 43-வது இடத்தில் லைசின் என்ற பூவுக்குப் பதில் ஆர்ஜினின் வந்து விட்டால் போதும். மருந்துக்குப் பிடிமானம் போய் விடும். கிருமி பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும்.

இப்படி மாறிப் போன கிருமி, கோடிக்கணக்கில் இருக்கும் கூட்டத்தில் தற்செயலாக ஒன்றிரண்டு இருக்கும். ஆக, கிருமி எதையும் பழகவில்லை. மற்றவை செத்துப் போக, இவை மிஞ்சிப் பெருகுகின்றன. 1948-ல் பிரிட்டனில் வெளிவந்த ஆராய்ச்சியில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்தபோது இதுதான் நடந்தது. நன்றாகத் தேறிய பலருக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வளர்ந்து விட்டது. அதனால்தான் இத்தனை மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்றிடமிருந்து தப்பியதை இன்னொன்று பிடிக்கும். இப்போது சாதாரண டி.பி.க்கு அந்த ஊசி இல்லை, மாத்திரைதான். அதில் ரிஃபாம்பிசின், சீட்டு எழுதுவதையே நிறுத்துகிறது. ஐசோநயாசிட், கிருமியின் சுவரைக் கட்ட விடாமல் செய்கிறது. நாமே பாதியில் நிறுத்தினாலும், இஷ்டத்துக்கு விட்டு விட்டுச் சாப்பிட்டாலும், மிஞ்சியவற்றுக்கு வழி திறந்து விட்ட மாதிரிதான்.

2000-ல் இந்தச் சின்ன பாகத்தின் அமைப்பையும், ஸ்ட்ரெப்டோமைசின் அதில் எங்கே ஒட்டுகிறது என்பதையும் அணு அணுவாகக் காட்டியது யார் தெரியுமா? 1952-ல் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு! ரிபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-ல் அவருக்கும், அமெரிக்கரான தாமஸ் ஸ்டைட்ஸுக்கும், இஸ்ரேலைச் சேர்ந்த அடா யோனத் என்ற பெண்மணிக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. டி.பி.க்கு ஆஸ்பத்திரியிலேயே படுத்துக் கிடக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியதும் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். ஆனால் வீட்டில் இருந்து சாப்பிடுவது நம் பொறுப்பாயிற்றே!

இதையெல்லாம் அன்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கூடவே டாக்டரம்மா எனக்குச் சொன்ன சில விஷயங்களையும் சொன்னேன். உங்களுக்கும் பயன்படும்:

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதீர்கள். அது ரிஃபாம்பிசினின் நிறம்.

கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். நீங்களாக மாத்திரையைக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. வேறு வழி கேட்டுக் கொள்ளுங்கள்.

தாய்ப்பாலைத் தானாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் கொடுக்கலாம். டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

எல்லாம் கேட்டு விட்டு, "அது சரி அக்கா, மாமியார் வந்தா?" என்றாள்.

"உன் மாத்திரை டப்பாவை என் அலமாரியில் வை. தினம் காலையில் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வா. என் எதிரிலேயே முழுங்கிட்டுப் போ. மீதி மூணு மாசமும் அப்படித்தான்" என்றேன்.

இன்றோடு ஆறு நாள். காலை எட்டு மணிக்கு "அக்கா, கறிவேப்பிலை இருக்கா?" என்று குரல் வந்து விடுகிறது. மாமியார் நேற்றுத்தான் வந்தார். "இந்த வீட்டிலே அப்படி என்னதான் சமைக்கிறீங்க, தினம் கறிவேப்பிலை?" என்று என்னையே கேட்டார். குழந்தை அவள் இடுப்பில் உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருந்தது.