தண்ணீருக்கு எழுதிய உறுதி தொழிலாளிக்கு எங்கே?



1965 ஆகஸ்ட் 9-ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. பிரிவினை ஒப்பந்தம் எழுதியவர்கள் தண்ணீரை மறக்கவில்லை. 1961, 1962-ஆம் ஆண்டுகளின் நீர் ஒப்பந்தங்கள் காக்கப்படும் என்று அதிலேயே உறுதி எழுதினார்கள். சரிதான்; குடிதண்ணீரின்றி ஊர் வாழாது. ஆனால் அந்தக் குழாய் ஓடிய ஜொகூர் பாலத்தின் மேலேயே வேலைக்குப் போய்வந்தானே உழைப்பாளி, அவனுக்கு அப்படி ஒரு ஷரத்து உண்டா? இல்லை!

ஒரே நாட்டுப் பிரஜையாகப் படுத்தவன் மறுநாள் பாலத்துக்கு அப்பால் அந்நியன். அவ்வாண்டே சிங்கப்பூரில் பிரஜையல்லாத தொழிலாளருக்கு பெர்மிட் சட்டம் வந்தது. 1967-இல் பாலத்தில் பாஸ்போர்ட் சோதனை. 1968-இல் மலேசியாவும் தன் பெர்மிட் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் அடி யார் முதுகில் விழுந்தது என்பதைத் தோட்டத்து லயங்கள் அறியும். பிரஜாவுரிமை கிடைக்காத பால்மரத் தொழிலாளர் பல்லாயிரவர், வாழ்நாளெல்லாம் மரம் சீவிய மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள்.

சேமநிதிக் கதையைக் கேளுங்கள். ஜொகூரில் ரப்பர் போய்ச் செம்பனையும் வீட்டு மனையும் வந்தபின், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பாலம் தாண்டி ஆலை வேலைக்குப் போனார்கள். அவர்கள் சம்பளத்தில் மத்திய சேமநிதிக்குப் பணம் பிடித்தார்கள். வேலையை விட்டு ஊர் திரும்பிய தீபகற்ப மலேசியர், மற்ற வெளிநாட்டாரைப் போல அதை உடனே எடுக்க முடியவில்லை. வயது வரும்வரை காத்திரு என்றார்கள். 1998-க்குப் பின் இரு சர்க்கார்களும் பேச உட்கார்ந்தன. எதனோடு சேர்த்துப் பேசினார்கள்? தண்ணீர் விலை, ரயில் நிலம், புதுப் பாலம், ஆகாய வெளி! இவற்றோடு தொழிலாளியின் சேமிப்பையும் ஒரே மூட்டையில் கட்டினார்கள். 2002-இல் மூட்டை அவிழ்ந்தது. சேமிப்பும் கீழே விழுந்தது. வியர்வை சிந்திச் சேர்த்த காசு ராஜதந்திரிகளின் பேரப் பொருளா? கூலி கூலிக்காரனுடையது. அதற்குப் பேச்சுவார்த்தை எதற்கு?

2020 மார்ச்சில் நோய்க்கு அஞ்சிப் பாலத்தை அடைத்தார்கள். அடைத்ததைக் குறை கூறவில்லை. ஆனால் அக்கரையில் அகப்பட்டவர்கள் மாதக்கணக்கில் பெண்டு பிள்ளைகளைக் காணவில்லை. ஆகஸ்டில் ஒரு வழி திறந்தது. அதிலும் மூன்று மாதம் வேலை செய்தபின்தான் வீடு! 2022 ஏப்ரல் 1 வரையில் இந்தக் கஷ்டம். அடைக்கிற நாளில் தொழிலாளிக்கு என்ன உரிமை என்று எந்த ஏட்டிலும் எழுதி வைக்காததன் பலன் இது.

"தனித்தனி நாடுகளாயிற்றே, வேறென்ன செய்ய?" என்பார்கள் சில கனவான்கள். பிரிட்டன் 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. கசப்பான பிரிவுதான். ஆயினும், அவ்வாண்டு முடிவதற்குள் ஒரு பக்கம் குடியிருந்து மறுபக்கம் வேலை செய்தவரின் உரிமை தொடரும் என்று விலகல் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். வெள்ளைக்காரன் தன் தொழிலாளிக்கு எழுதிக்கொண்டது நமக்கு மட்டும் முடியாதா?

2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் பொருளாதார வட்டார ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மூலதனம் தடையின்றிப் போகட்டும், வரட்டும். அதே மையில் தொழிலாளிக்கும் மூன்று வரி எழுதுங்கள்: வேலை முடிந்தால் சேமநிதி கைக்கு வரவேண்டும், காயப்பட்டால் எக்கரையில் இருந்தாலும் நஷ்டஈடு வேண்டும், பாலம் அடைபட்டாலும் வீட்டுக்கு வழி வேண்டும். கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கி, இரு நாட்டுத் தொழில் அமைச்சர்களுக்கும் அனுப்புக!