மலையேறப் போகிறவனுக்கு எதற்கு அவ்வளவு பெரிய கத்தி?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ரிஷிவந்தியம் பக்கத்துப் பையன்களுக்கு இரண்டு வேலைதான். விடியற்காலையில் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் பொங்கல் வாங்குவது ஒன்று. அரையாண்டு லீவு விட்டதும் கல்வராயன் மலைக்குக் கிளம்புவது இன்னொன்று. தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று போனால் அணையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும். வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் நடக்க ஆரம்பித்து சாயங்காலம் திரும்பிவிடலாம். கூடாரம் கிடையாது, ராத்தங்கல் கிடையாது. இந்த ஒரு நாள் நடைக்குத்தான் நம் ஆட்கள் இப்போது கத்தி எடுத்துக்கொண்டு போகிறார்கள். பழம் நறுக்கும் கத்தி என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கை நீளம், ஒரு பக்கம் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டி, இடுப்பில் தொங்கும் உறை... போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது!

இது எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. டிஸ்கவரி சேனல்தான். பேர் கிரில்ஸ் எந்தக் காட்டில் குதித்தாலும் கையில் கத்தியோடுதான் குதிப்பார். 2019-ல் பிரதமர் மோடியோடு கார்பெட் காட்டில் நடந்தபோதுகூட, கத்தியை ஒரு குச்சியில் கட்டி ஈட்டி மாதிரி செய்து அவர் கையில் கொடுத்தார். பார்க்கச் சுவாரசியம்தான். ஆனால் அந்த மனிதர் ராணுவப் பயிற்சி பெற்றவர். சுற்றிலும் கேமராக்காரர்கள், பாதுகாவலர்கள் என்று ஒரு படையே நின்றது. நம்மோடு வருவது புளிசாதப் பொட்டலமும் இரண்டு நண்பர்களும்தான்.

கத்தியே உபயோகமில்லை என்று சொல்ல வரவில்லை. உண்ணிச்செடி வழியை மூடிக்கொண்டிருந்தால் ஒதுக்கலாம், கைத்தடிக்கு ஒரு கம்பு சீவலாம், கயிறு அறுக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் நடக்கும் பாதையெல்லாம் மலைக்காரர்கள் தினமும் நடக்கும் பாதை. கடுக்காய் பொறுக்கவும், புளி உலுக்கவும், ஆடு மேய்க்கவும் போய்ப்போய்த் தேய்ந்த தடம். அதில் வெட்டி ஒதுக்க என்ன இருக்கிறது? வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை வந்துவிட்டால் நாம் தடத்தை விட்டு விலகிவிட்டோம் என்று அர்த்தம். அப்போது செய்ய வேண்டிய வேலை வந்த வழியே திரும்புவது. போதாததற்கு அது காப்புக்காடு. பச்சை மரத்தில் கை வைத்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

"ஆபத்துக்கு உதவும்" என்பது அடுத்த வாதம். சரி, என்ன ஆபத்து? காட்டுப்பன்றி முட்ட வந்தால் உறையின் பட்டனைக் கழற்றுவதற்குள் கதை முடிந்துவிடும். பாறையில் தொங்கும் மலைத்தேனீ கூட்டமாகக் கிளம்பினால் கத்தியை வீசி என்ன செய்வீர்கள்? பாம்பு விஷயத்தில் கத்தி இருப்பது இல்லாததைவிட மோசம். கடிவாயைக் கீறி ரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர்கள் செய்யவே கூடாது என்று சொல்லும் காரியம் அது. விஷம் வெளியே வராது, ரத்தப்போக்கும் சீழும்தான் மிச்சம். கடிபட்டவரை அதிகம் அசையவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது ஒன்றே வழி.

பெரிய கத்திக்காரர்கள் எல்லோரும் உதாரணம் காட்டும் ஆள் ஒருவர் உண்டு, ஆரன் ரால்ஸ்டன். 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் பாறை உருண்டு அவருடைய வலது கை சிக்கிக்கொண்டது. ஐந்து நாள் தவித்துவிட்டு, தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு தப்பினார். நம் ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' (2010) அவர் கதைதான். "பார், கத்தி இருந்ததால்தான் பிழைத்தான்" என்பார்கள். அவரிடம் இருந்தது பட்டாக்கத்தி அல்ல. இடுக்கி, கத்தி எல்லாம் ஒன்றாக மடங்கும் ஒரு மலிவான சின்னக் கருவி, அதுவும் மழுங்கிப்போனது. அதைவிட முக்கியமான விஷயம், எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முன்னதாகவே தேட ஆரம்பித்திருப்பார்கள்.

குளிர்கால நடையில் உண்மையான ஆபத்து வேறு. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். மேகம், பெரியார் அருவிகளுக்குப் போகும் பாறைகளில் பாசி படிந்து சோப்பு மாதிரி வழுக்கும். காலைப் பனியில் புல்லும் ஈரம். டிசம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்துக்குள் இருப்பவனுக்கு ஐந்துக்கே இருட்டு. சட்டை நனைந்தவனுக்கு அதன் பிறகு வரும் மலைக்காற்று ஒத்துக்கொள்ளாது. இதற்கெல்லாம் டார்ச்சும், விசிலும், காய்ந்த சட்டையும், நல்ல அடியுள்ள செருப்பும் வேண்டும். இடுப்பில் அரை கிலோ இரும்போடு வழுக்கி விழுந்து பாருங்கள், தெரியும்.

2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் போட்டது. அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது தீ எரிகிறது என்ற தகவல் ஒன்றுதான். நம் ஆட்கள் அனுமதி கேட்காமல் போவார்கள், வீட்டில் சொல்லாமல் போவார்கள், ஆனால் கத்தி மட்டும் மறக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 1959 ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016 விதிகளும், 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகுள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. சரணாலயம் என்றால் இன்னும் கெடுபிடி. 1972 வன உயிரினச் சட்டம் 'ஆயுதம்' என்று சொல்லும் பட்டியலிலேயே கத்தியும் இருக்கிறது, எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் அதோடு உள்ளே நுழையக்கூடாது. 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில் கல்லூரி மாணவர்கள் பட்டப்பகலில் பஸ்ஸில் பட்டாக்கத்தியால் வெட்டிக்கொண்டதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு பைக்கில் போகும் மாணவனின் பையில் முழங்கை நீளக் கத்தியைப் பார்க்கும் போலீஸ்காரர் "மலையேற்றம்" என்ற பதிலை நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஆனால் எனக்கு உறுத்துவது போலீஸ் அல்ல. மலையில் கத்தி யாருக்குத் தேவையோ அவர்களுக்குத்தான் அதனால் தொல்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குக் கொடுவாள் என்பது நமக்குப் பேனா மாதிரி. விறகு, வேலி, மரவள்ளிக் கொல்லை எல்லாவற்றுக்கும் அதுதான். அதே கொடுவாளோடு அவர் காட்டுக்குள் நின்றால் மரம் வெட்ட வந்தவர், சாராய ஊறல் போட வந்தவர் என்று சந்தேகம். 1992-ல் சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் அரசு ஊழியர்கள் நடத்திய அட்டூழியத்துக்கான தண்டனையை உயர்நீதிமன்றம் 2023-ல்தான் உறுதி செய்தது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு நம் மலையிலும் சோதனைமேல் சோதனை. நாம் அலங்காரத்துக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு மரத்தைக் கொத்திவிட்டு வந்தால், மறுநாள் கேள்வி கேட்கப்படுவது நாம் அல்ல, அந்த ஊர்க்காரர்.

போன வருஷம் கரியாலூர் பக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர், எங்களுக்கு முன்னால் போன கோஷ்டியின் கத்தியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, இதுல என்ன வெட்டுவீங்க?" என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. "எடை சரியில்ல, கை வலிக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என்னைக் கேட்டால் விரல் நீளத்தில் மடக்குக்கத்தி ஒன்று போதும். ஆரஞ்சு உரிக்கலாம், பிளாஸ்திரி வெட்டலாம். அதற்கு மேல் வெட்டும் வேலை இருக்கும் என்று தோன்றினால் ஊரில் ஒரு அண்ணனைக் கூலி பேசிக் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் கொடுவாளோடு வருவார், வழியும் தெரியும், எந்தப் பாறையில் தேனீ இருக்கிறது என்றும் தெரியும். ஆன்லைனில் கத்திக்குக் கொடுக்கும் காசு அவருக்குப் போகட்டுமே.

பொங்கல் லீவில் கிளம்புகிறவர்கள் வெள்ளிமலையில் இறங்கியதும் முதல் காரியமாகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.