உப்பு எல்லாருக்கும், உப்பளம் யாருக்கு?

வேதாரண்யம் என்று சொன்னால் போதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் கிளம்பினார்கள். தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவனுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்ட, சனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று உப்பு எடுத்த ராஜாஜி கைதானார். சர்தார் வேதரத்தினம் பிள்ளை சிறைக்குப் போனார். தூண் எழுப்பியாயிற்று. வருசா வருசம் மாலையும் போட்டாயிற்று.

இதெல்லாம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தப் போராட்டத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி இருந்தார். சவரத்துக்கு வந்து உட்கார்ந்த ஆள் போலீஸ்காரன் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்திலேயே கத்தியை மடக்கிவிட்டார், சிறைக்கும் போனார். அவருக்கும் அந்த ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. ஏவல் தொழில் என்று ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலையே ஆயுதமாக்கிய அந்த மனிதருக்கு நம் வணக்கம். நாம் கேட்பது வேறு. கையில் அள்ளிய உப்புக்குக் கிடைத்த விடுதலை, உப்பு வாருகிற கைக்குக் கிடைத்ததா?

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் இதைப் படிக்கிற தோழர்கள் கேட்கலாம்: "முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கிற ஊரைப் பத்தி நமக்கு இன்னாத்துக்குத் தலையங்கம்?" அந்த ஊர் ஒரு நகராட்சி. நாம் இருப்பதும் நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள்தான். நகராட்சி என்றால் நம்ம சனத்துக்கு இதுவரை என்ன பொருள்? பெரும்பாலும் ஒரு துடைப்பம், ஒரு தள்ளுவண்டி, ஒரு சாக்கடைக் குழி. அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா என்று பார்ப்பதற்குத்தான் ஒரு கடைக்கோடி ஊரை எடுத்துக்கொண்டோம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடி. ஒரு பக்கம் வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, பக்கத்தில் கோடியக்கரைக் காடு. மணல்மேட்டில் புகையிலை, மா, தென்னை, முல்லைப்பூ. பள்ளத்தில் நெல், அதற்குக் காவிரியின் கடைமடைத் தண்ணீர். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊரும் குடித்த பிறகு மிச்சம் இருந்தால் இங்கே வரும். நிலத்தடியில் மணலுக்குள் கொஞ்சம் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறே கரிக்கும். குடிப்பதற்குக் கொள்ளிடத்து நீர் குழாய்வழி வரவேண்டும். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குடிக்கிற தண்ணீருக்கு எங்கோ ஓடும் ஆற்றை நம்பியிருக்கிற ஊர்.

ஊரை ஒட்டி அகத்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கேதான். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவிட்டு, கெட்டியான நீரில் உப்பு பூத்ததும் நீளக் காம்பு வைத்த பலகையால் வாரிக் கரையேற்றுகிறார்கள். வெயில் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு உப்பு. ஆகவே ஊர் நிழலுக்கு ஒதுங்குகிற நேரம்தான் உப்பளத்தில் வேலை நேரம். கால் வெடித்துப்போகும், வெள்ளை வெளிச்சத்தில் கண் கெட்டுப்போகும். ஐப்பசி மழை இறங்கினால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மழைக்கால மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கியது 2022-இல்தான். ராஜாஜி உப்பு எடுத்து 92 வருசம் கழித்து!

உப்பு வரி 1947-இல் ஒழிந்தது. உப்பளம் குத்தகையாகவே நின்றது. பெரிய கம்பெனிக்கு ஒரு பரப்பு, சிறு உற்பத்தியாளருக்கு ஒரு துண்டு. நிலமில்லாத தலித்துகளுக்கும் மற்ற உழைக்கும் சாதிக்காரர்களுக்கும் பலகைக் காம்பு. உப்பு மீதான வரியை எதிர்த்த தேசியம், உப்பு விளைகிற நிலம் யாருக்கு என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

அதே 1930. காந்தி தண்டிக்குக் கிளம்பியது மார்ச் 12. அதற்குப் பத்து நாள் முன்னால், மார்ச் 2 அன்று, நாசிக்கில் காலாராம் கோயில் கதவுக்கு முன்னால் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். எந்தப் பாடப் புத்தகத்துப் பிள்ளை இதை ஒப்பிக்கிறது? வேதாரண்யம் கோயிலுக்கும் ஒரு கதவுக் கதை உண்டு. வேதங்கள் பூசித்துச் சாத்திவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பார்கள். பாட்டுக்குத் திறந்த கதவு ஊர்ப்பக்கத்துச் சேரிக்கு ஏன் திறக்கவில்லை என்று அந்தக் கதை சொல்வதில்லை. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கு 1939-இலும் 1947-இலும் சட்டம் போடவேண்டியிருந்தது. பாட்டு செய்யாததைச் சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தை வரவைத்தது போராட்டம்.

சட்டம் மட்டும் போதுமா? அதற்கும் ஒரு சின்ன நகராட்சிதான் சாட்சி. கொங்கண் பகுதியில் சாவித்திரி ஆற்றங்கரையில் இருக்கிறது மகாத். பொதுக்குளங்களை எல்லாருக்கும் திறக்கச் சொல்லி 1923-இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924-இல் மகாத் நகராட்சியும் தீர்மானம் போட்டது. குளத்தில் யாரும் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் போய் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. வழக்கு நடந்து உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகச் சொல்ல 1937 ஆனது. ஒரு குவளைத் தண்ணீருக்குப் பத்து வருசம். நகராட்சித் தீர்மானம் என்பது தாள்தான். அதைத் தண்ணீராக மாற்றியவர்கள் குளத்தில் இறங்கியவர்கள்.

மறுபடி வேதாரண்யத்துக்கு வருவோம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. தென்னை சாய்ந்தது, மா சாய்ந்தது, உப்பளம் சேறானது. மரம் வைத்திருந்தவருக்கு மரக்கணக்கு, படகு வைத்திருந்தவருக்குப் படகுக்கணக்கு. மரமும் படகும் இல்லாமல், அந்த மரத்திலும் உப்பிலும் கூலி மட்டும் வைத்திருந்தவருக்கு எந்தக் கணக்கு? இழந்தது பொருளாக இருந்தால்தான் இழப்பு. உழைப்பை இழந்தால் இழப்பில்லை. 2004 சுனாமியிலும் இதே கணக்குதான் நடந்தது.

அந்தப் புயல் நாளில் வேதாரண்யம் நகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்து வருசத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் மக்கள்தொகைக்கு ஏற்பப் பட்டியல் சாதியினருக்கு வார்டு ஒதுக்கியது. தேர்தலே நடத்தாவிட்டால் ஒதுக்கீடு எங்கே? நம் தெருவிலிருந்து ஒருத்தி எழுந்து "எங்க பக்கம் இன்னும் வரலியே" என்று கேட்பதற்கு இருந்த ஒரே நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். பெரிய சத்தமில்லாமல் நடந்தது இந்தக் களவு.

அடுத்த வருசமே, 2019 ஆகஸ்ட் 25 அன்று, இரு சாதியினருக்கு இடையில் எழுந்த மோதலில், அதே ஊரில் அண்ணலின் சிலை உடைக்கப்பட்டது. உடைக்கிற காட்சி கைப்பேசி வழியாக நாடெல்லாம் ஓடியது. அரசு உடனடியாகப் புதுச் சிலை வைத்தது. அந்த வேகத்தை வரவேற்கலாம். ஆனால் சிலை உடைந்தால் மறுநாள் சிலை வருகிறது. உடைத்த மனசுக்கு மறுநாள் என்ன வருகிறது? தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அண்ணல் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். அரசமைப்பை எழுதியவருக்குக் கூண்டு, உடைக்கிறவனுக்குத் தெரு. விடுதலைப் போராட்டத் தூண் ஓங்கி நிற்கிற ஊரிலேயே இது நடந்தது என்பதுதான் நாம் மறக்கக்கூடாதது. தூண் இருப்பதால் ஊர் விடுதலை ஆகிவிடாது.

உப்பு ஏற்றுகிற பாதையாக இருந்த திருத்துறைப்பூண்டி - அகத்தியம்பள்ளி ரயில் பல வருசம் நின்றுபோய், 2023 ஏப்ரலில் அகல ரயிலாகத் திரும்பியது. நல்லது. ரயில் வரட்டும், தூணுக்கு வெள்ளையும் அடிக்கட்டும். ஆனால் ஒரு நகராட்சியை நாம் அளக்கிற கோல் வேறு. கடைசிக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது? சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை உண்டா? குடியிருக்கிற மனைக்குப் பட்டா உண்டா? மலக்குழியில் ஆள் இறக்குவதை 2013 சட்டம் தடுத்த பிறகும் யாரை இறக்குகிறார்கள்? தெரு கூட்டுகிறவர் நிரந்தரமா, ஒப்பந்தமா?

இந்த ஐந்து கேள்வியும் வேதாரண்யத்துக்கு மட்டுமல்ல. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் கரைந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகை பெரிதானது. பலகைக்குக் கீழே குழிக்குள் இறங்குகிறவன் அதே ஆள்தான்.

ஆகவே தோழர்களே, ஒரு சின்ன வேலை. உங்கள் வார்டில் இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்கள். தெருத்தெருவாக, வீடுவீடாகப் போய் எழுதுங்கள். எழுதியதை மனுவாக்கி மன்றக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுபோய் வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் திருப்பிக் கேளுங்கள். இதழுக்கும் ஒரு படி அனுப்புங்கள், அச்சேற்றுகிறோம். அடுத்த ஏப்ரல் 30-க்கு அவர்கள் தூணுக்கு மாலை போடுகிற நேரத்தில், உப்பு வாருகிறவர்களின் கணக்கும் தெரு கூட்டுகிறவர்களின் கணக்கும் நம் கையில் இருக்கட்டும்.

ஜெய் பீம்.