தைரியமும் மருந்தும்

2012-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி சேப்பாக்கம் மைதானத்தில் நடந்த கிரிக்கெட் பந்தயத்தில் இந்தியா நியூஜிலாந்திடம் ஒரே ஓட்டத்தில் தோற்றது. அத்தோல்வியை ஜனங்கள் மறந்திருக்கலாம். அன்று ஸ்ரீ யுவராஜ் சிங் மட்டையுடன் மைதானத்தில் இறங்கிய காட்சியைக் கண்டோர் மறந்திரார். ஐந்து மாதங்களுக்கு முன்தான் அவர் அமெரிக்காவில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தாய்நாடு திரும்பியிருந்தார்.

2011-ல் உலகக் கோப்பைப் பந்தயங்களில் 362 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் எடுத்துப் புகழ் கொண்டவர் அவர். அப்போதே இருமலும் வாந்தியும் அவரை வாட்டின. அவர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பிறகே நுரையீரல்களுக்கு நடுவே கட்டி இருப்பது தெரிய வந்தது. அந்நாட்களில் அவருக்கு ஊக்கமளித்தது லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்க ஸைக்கிள் வீரரின் சுயசரிதம். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் கண்ட புற்று, விரையில் தோன்றி, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அதிலிருந்து மீண்டவர் 1999 முதல் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பந்தயத்தில் ஏழு முறை முதல்வராக வந்தார்.

ஆனால் அதே 2012-ல் அவர் தடை செய்யப்பட்ட மருந்துகளை உட்கொண்டது நிரூபணமாகி, ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. மறு வருஷம் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்படியாயின், அவரைக் கண்டு நோயாளிகள் பெற்ற தைரியமும் பொய்தானா என்று சிலர் வினவுகின்றனர்.

நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சாட்சி பொய்யன் என்று தெரிந்தால், அவன் கூற்றுக்கு வேறு ஆதாரம் உண்டா என்று பார்ப்பதே நியாய ஸ்தலத்தின் முறை. இங்கே ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. இண்டியானாபோலிஸ் நகரத்து டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974-ல் ஸிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை வேறு மருந்துகளுடன் சேர்த்து இவ்வினப் புற்றுக்குக் கொடுக்கலானார். அதற்கு முன், நோய் பரவிய பின் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று பத்தில் எட்டுப் பேர் பிழைக்கின்றனர். ஆர்ம்ஸ்ட்ராங்கும் யுவராஜும் சிகிச்சை பெற்றது அந்நகரிலேயே. பட்டங்கள் பொய்யாயின, பிழைத்தது பொய்யாகவில்லை.

ஆகவே நோயாளி வீரனிடம் கற்க வேண்டியது யாது? மனவுறுதி ஒன்றே நோயைக் கொல்லும் என்பதன்று. அவ்விதம் போதிப்பது, இறந்தவர்களைக் கோழைகளென்று பழிப்பதற்கு ஒப்பாகும். எல்லாப் புற்றும் இவ்வளவு எளிதில் மருந்துக்கு வசப்படுவதுமில்லை. காலத்தில் வைத்தியரை நாடவும், கடுமையான சிகிச்சையை நடுவில் கைவிடாதிருக்கவும் மனிதனுக்குத் தைரியம் வேண்டும். தைரியத்தின் வேலை அது. மற்றது மருந்தின் வேலை.

நம் குடும்பங்களில் இந்நோயின் பெயரை உச்சரிக்கவும் அஞ்சி, மூடி மறைத்து, காலம் கடந்த பின் வைத்தியசாலைக்கு ஓடுவோர் இன்னும் பலர். யுவராஜ் தம் நோயை மறைக்கவில்லை. முடியிழந்த தலையுடனேயே உலகின் முன் நின்றார். சேப்பாக்கத்தில் அவர் அன்று எடுத்த 34 ஓட்டங்களைக் காட்டிலும் இதுவே பெரிய ஆட்டம் என்போம். உடலில் ஐயம் தோன்றியவர் நாளை என்று ஒத்திப்போடாமல் இன்றே வைத்தியரிடம் செல்வாராக.