கைமாறிய கல்லூரிகள்

செஞ்சிக் கோட்டை 1677இல் சிவாஜியிடமும் 1698இல் முகலாயரிடமும் 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் போயிற்று, மலை நகரவில்லை. விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகளும் நின்ற இடத்திலிருந்தே, 2021இல் வேலூர் திருவள்ளுவரிடமிருந்து சிதம்பரம் அண்ணாமலைக்குக் கைமாறின.

அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கி விதிகளை வெளியிட்டது. ஓரிடத்தில் ஈட்டிய கிரெடிட் ஏழாண்டுவரை பிறிதோரிடத்தில் செல்லும். பாதியையேனும் பட்டம் தரும் நிறுவனத்தில் ஈட்டவேண்டும். நல்ல ஏற்பாடு.

ஆனால் தரவரிசையும் பதக்கமும்? முழுப்படிப்பையும் தம்மிடமே முடித்தவருக்கு மட்டும் என்கின்றன சில பல்கலைக்கழகங்கள். பட்டத்துக்குச் செல்லுபடியாகும் படிப்பு பதக்கத்துக்குச் செல்லாதென்பது என்ன நியாயம்? மதிப்பிடும் முறை இடத்துக்கிடம் வேறுபடும் என்பார்கள். மெய்தான். அப்படியாயின் தம்மிடம் எழுதிய பாதித் தாள்களைக் கொண்டாவது தரம் பார்க்கட்டும். தந்தையின் பணிமாற்றம் மகளின் குற்றமாகாது.