சாக்கடை நீரிலும் பங்கு கேட்போம்!



நகரத்துச் சாக்கடையைக் கண்டால் நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். முதலாளிக்கோ அது சரக்கு! 2019-ல் சென்னை கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், நாள்தோறும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆலைக்கு ஏற்றபடி சுத்திகரிக்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன. அந்த நீர் குழாய் வழியே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மணலி ஆலைகளுக்குப் போகிறது.

இதை நாம் எதிர்க்கவில்லை. ஆலை அந்த நீரை எடுத்தால் மக்களின் குடிநீர் மிஞ்சும். ஆனால் ஆலைக்குக் குழாய் போடத் தெரிந்த சர்க்காருக்கு வயலுக்கு வாய்க்கால் வெட்டத் தெரியாதா?

மத்தியதரைக் கடலோரத்தில், ஸ்பெயின் நாட்டு மூர்சியா மழை குறைந்த சீமை. அங்கே ஊர்க் கழிவுநீரைக் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரித்து, பெரும்பகுதியைப் பயிருக்கே பாய்ச்சுகிறார்கள்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கிணறு வற்றினால் என்ன நடக்கிறது? நடவு இல்லை; களையெடுப்பு இல்லை; கூலி இல்லை. நிலக்காரனுக்கு ஒரு போகம் நஷ்டம். கூலிக்காரன் வீட்டிலோ அடுப்பே எரியாது!

சாக்கடையை அப்படியே வயலில் திருப்பிவிட்டு, “இதோ தண்ணீர்” என்று ஏய்க்கவும் விடமாட்டோம். அந்தச் சேற்றில் இறங்கி நாற்று நடுவது நம் பெண்கள். சொறியும் குடற்புழுவும் அவர்களுக்குத்தான் வரும்.

ஆகவே கேட்கிறோம்: இரு நகரங்களின் கழிவுநீரையும் ஒழுங்காகச் சுத்திகரி! பரிசோதனை முடிவை ஊரறிய எழுதிப் போடு! சிறு விவசாயிக்கு முதல் பங்கு கொடு! நிலையத்தைத் தனியாரிடம் தாரை வார்க்காதே!

ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒன்றாக நின்று கேட்டால், வாய்க்கால் வயலுக்கும் திரும்பும்!